காபி குடித்த அந்த ஒரு மணி நேரம்

காபி குடித்தால் பிரஷர் ஏறுமா என்று யாராவது கேட்டால், ஏறும் என்றுதான் சொல்வேன். அதில் மழுப்ப ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லோடு பேச்சு நின்றுவிட்டால், கேட்டவர் பயந்துபோய்க் காபியை விட்டுவிடுவார், அல்லது "இவர்கள் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் சொல்வார்கள்" என்று இன்னொரு கப் ஊற்றிக்கொள்வார். இரண்டிலும் அவருக்குப் பலன் இல்லை. எவ்வளவு ஏறும், எவ்வளவு நேரம் ஏறி நிற்கும், தினமும் குடிப்பவருக்கு எப்படி, எப்போதாவது குடிப்பவருக்கு எப்படி என்று கேட்கத் தொடங்கினால்தான் விஷயம் பிடிபடுகிறது.

நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவர்களைப் பற்றித்தான் இங்கே பெரும்பாலும் பேசப்போகிறேன். ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு இருப்பவர்களின் கதை வேறு. அதைக் கடைசியில் தொட்டுக்கொள்கிறேன்.

காபியில் பிரஷரை ஏற்றும் முக்கியப் பொருள் கஃபீன். அதைக் காபிக்கொட்டையிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்தவர் ஜெர்மன் வேதியியலாளர் ஃப்ரீட்லீப் ஃபெர்டினாண்ட் ரூங்க. ஆண்டு 1819. அந்தக் கொட்டைகளைக் கையில் கொடுத்து, இதில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்னவர் கவிஞர் கதே. கவிஞருக்கு ஏன் அந்த ஆர்வம் வந்தது என்று யோசித்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தப் பொருள் உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்பது தெளிவாக இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் உடம்பிலேயே அடினோசின் என்றொரு பொருள் ஊறுகிறது. செல்கள் உழைக்க உழைக்க அது சேரும். மூளையில் சேர்ந்தால் தூக்கம் வரும். ரத்தக் குழாய்களில் அதற்கென்று இருக்கும் ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொண்டால், குழாயின் சுவர் தளரும், குழாய் விரியும். கஃபீன் மூலக்கூறு உருவத்தில் ஏறக்குறைய அடினோசினைப் போலவே இருப்பதால், அதே ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் அடினோசின் செய்யும் வேலையைச் செய்வதில்லை. தளரச் சொல்லும் செய்தி குழாய்க்குப் போய்ச் சேராததால், குழாய் இறுகியே இருக்கிறது. அத்தோடு, நரம்பு நுனிகளிலிருந்து, குழாய்களை இறுக்கும் நார் அட்ரினலின் என்ற பொருள் வெளியாவதை அடினோசின் கொஞ்சம் அடக்கி வைத்திருக்கும். அந்தப் பிடியும் தளர்ந்துவிடும்.

ரத்த அழுத்தம் என்பது இதயம் எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது, குழாய்கள் அதை எவ்வளவு தடுக்கின்றன என்ற இரண்டையும் பொறுத்தது. ஓய்வாக இருக்கும் ஒருவரிடம் கஃபீன் முக்கியமாக இரண்டாவதில்தான் கைவைக்கிறது. செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயின் வாயை விரலால் லேசாக அழுத்தினால் என்ன ஆகுமோ, அதுதான் ஆகிறது. குழாயைத் திறந்தவர் ஒன்றும் கூடுதலாகத் திறக்கவில்லை, ஆனாலும் உள்ளே அழுத்தம் கூடிவிடுகிறது.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. காபி குடித்தால் நெஞ்சு படபடக்கும், அதனால்தான் பிரஷர் ஏறுகிறது என்று நினைக்கிறோம். ஆனால் சராசரியாகப் பார்த்தால் நாடித்துடிப்பு பெரிதாக மாறுவதில்லை. சிலருக்கு முதலில் சற்றுக் குறையக்கூடச் செய்யும். அழுத்தம் ஏறுவதை உணரும் நரம்புகள் இதயத்தைக் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்வதுதான் காரணம். அதனால் கையில் கட்டிய வாட்ச் காட்டும் துடிப்பை வைத்து "எனக்குக் காபி ஒன்றும் செய்வதில்லை" என்று முடிவுகட்ட முடியாது. துடிப்பு 70-லேயே நிற்கும்போது மேல் அளவு 10 புள்ளி ஏறியிருக்கலாம், உங்களுக்கு எதுவுமே தெரியாது. பிரஷரைப் பட்டை கட்டித்தான் அளக்க வேண்டும், வேறு வழியில்லை.

எவ்வளவு ஏறும் என்பதற்கு இன்றும் பலர் எடுத்துக்காட்டும் ஆய்வு 1978-இல் வந்தது. டேவிட் ராபர்ட்சனும் சக ஆராய்ச்சியாளர்களும் காபிப் பழக்கமே இல்லாத, ஆரோக்கியமான ஒன்பது இளைஞர்களுக்கு 250 மில்லிகிராம் கஃபீன் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய கப்பாக இரண்டரைக் காபியில் இருக்கும் அளவு அது. ஒரு மணி நேரத்தில் ரத்த அழுத்தம் சராசரியாக 14/10 ஏறியிருந்தது, அதாவது மேல் அளவு 14 புள்ளி, கீழ் அளவு 10 புள்ளி. ரத்தத்தில் அட்ரினலின் 207 சதவீதம் கூடியிருந்தது, நார் அட்ரினலின் 75 சதவீதம். சிறுநீரகத்திலிருந்து வரும் ரெனின் என்ற பொருளின் செயல்பாடும் 57 சதவீதம் உயர்ந்திருந்தது.

14/10 என்பது சின்ன விஷயமில்லை. சாதாரணமாக 115/75 இருக்கும் ஒருவர் அந்த ஒரு மணி நேரத்துக்கு 129/85 ஆகிவிடுவார். அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 2017-இல் வகுத்த கணக்குப்படி 130/80-ஐத் தொட்டாலே உயர் ரத்த அழுத்தம். இரண்டு எண்களில் ஒன்று தொட்டாலே போதும். இவருடைய கீழ் அளவு 85, அது 80-ஐத் தாண்டிவிட்டது. ஆக, எந்த நோயும் இல்லாத ஒருவர் தவறான நேரத்தில் பட்டையைக் கட்டினால், அட்டவணை அவரை நோயாளி என்று சொல்லிவிடும்.

என் நண்பர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. வேலையில் சேர்வதற்கான உடல் பரிசோதனைக்குப் போயிருந்தார். வரிசை நகரவே இல்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் இரண்டு காபி குடித்திருக்கிறார். முறை வந்ததும் நின்ற கோலத்தில் பட்டையைக் கட்டி அளந்து, 142/88 என்று எழுதி, பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு அனுப்பிவிட்டார்கள். கடைசியாக எப்போது என்ன குடித்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அதற்கப்புறம் பல நாள் அவருக்குத் தூக்கமே இல்லை. வீட்டில் காலையில் ஒன்றும் குடிக்காமல் அளந்து அளந்து பார்த்தார், எப்போதும் 120-ஐ ஒட்டியே இருந்தது. ஒரு கேள்வி கேட்டிருந்தால் அத்தனை கவலைக்கும் வேலை இருந்திருக்காது என்பது எனக்கு இன்றும் ஆதங்கம்தான்.

சரி, தினமும் குடிப்பவர்களுக்கு? அதே ராபர்ட்சன் குழு 1981-இல் இதையும் பார்த்தது. ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு 250 மில்லிகிராம் என்று ஒரு வாரம் கொடுத்தார்கள். முதல் நாள் ஏறிய அழுத்தம் ஒன்றிலிருந்து நான்கு நாட்களுக்குள் ஏறக்குறைய பழைய நிலைக்கே வந்துவிட்டது. ஹார்மோன்களும் அடங்கின. உடம்பு அவ்வளவு சீக்கிரம் பழகிக்கொள்கிறது. இதை வைத்துத்தான் "பழகியவர்களுக்கு ஒன்றும் ஆகாது" என்ற பேச்சு பரவியது.

அந்தப் பேச்சை நான் முழுதாக ஏற்பதில்லை. வில்லியம் லவாலோவும் சக ஆராய்ச்சியாளர்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நாள் கஃபீன் கொடுத்துப் பழக்கிய பிறகு மறுபடியும் கொடுத்துப் பார்த்தார்கள். சுமார் பாதிப் பேருக்கு அழுத்தம் அப்போதும் ஏறத்தான் செய்தது. மீதிப் பாதிக்குத்தான் உடம்பு நன்றாகப் பழகியிருந்தது. ஜேம்ஸ் லேன் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நம் அன்றாடத்துக்கு நெருக்கமானது. தினமும் காபி குடிக்கும் ஆட்களையே எடுத்து, வேலை நாளில் கையில் பட்டையோடு அனுப்பி, நாள் முழுக்க அளந்தார்கள். கஃபீன் எடுத்த நாளில் அழுத்தம் சராசரியாக 4/3 கூடுதலாக இருந்தது, காலையிலும் மதியத்திலும் எடுத்ததன் தாக்கம் இரவு படுக்கும் வரை நீடித்தது. வேலை நெருக்கடியும் கஃபீனும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்துகொள்கின்றன.

இரவு முழுக்கக் குடிக்காமல் இருப்பதால் காலைக்குள் பழக்கத்தின் பாதுகாப்பு ஓரளவு கரைந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். கஃபீன் உடம்பிலிருந்து பாதியாகக் குறைய ஒருவருக்குச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். ராத்திரி எட்டு மணிக்குப் பிறகு எதுவும் குடிக்காதவருக்குக் காலை எட்டு மணிக்குள் கால்வாசிக்கும் கீழேதான் மிச்சம் இருக்கும். அதனால் நாளின் முதல் கப்புக்கு இருக்கும் வேகம் மூன்றாவது கப்புக்கு இருப்பதில்லை.

இந்த 5 மணி நேரம் என்பதும் ஆளுக்கு ஆள் ஏகத்துக்கும் மாறும். கல்லீரலில் சிஒய்பி1ஏ2 என்ற நொதிதான் கஃபீனை உடைக்கிறது. அது வேகமாக வேலை செய்யும் உடம்புகளும் உண்டு, நிதானமாகச் செய்யும் உடம்புகளும் உண்டு. பிறப்பிலேயே வரும் வேறுபாடு அது. சிகரெட் புகை அந்த நொதியை முடுக்கிவிடும், கஃபீன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் வெளியேறும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு நேர்மாறு, இரண்டு மடங்கு நேரம் தங்கும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பாதியாகக் குறையவே 15 மணி நேரம் வரை ஆகலாம். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: சிகரெட்டை விட்டவர் அதே அளவு காபியைத் தொடர்ந்தால், ரத்தத்தில் கஃபீன் முன்பைவிட அதிகம் தேங்கும். சிகரெட்டை விட்டதால்தான் கை நடுங்குகிறது, தூக்கம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, பாதிக் காரணம் கப்பில் இருக்கலாம். சிகரெட்டை விடச் சொல்லும் எல்லோரும் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பழக்கம் என்ன செய்கிறது என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். காலையில் காபி இல்லாமல் எனக்கு வேலை ஓடாது. என் தங்கை அதைத் தொடவே மாட்டாள். விடுமுறை நாளில் அவளை மேஜைக்கு முன் உட்காரவைத்தேன். முதுகை நாற்காலியில் சாய்த்து, கால்களைக் குறுக்கே போடாமல் தரையில் பதித்து, கையை மேஜைமேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்து, சட்டைக்கையை முழுதாக மேலே ஏற்றி, ஐந்து நிமிடம் அசையாமல் இருக்கச் சொன்னேன்.

"இன்னும் எவ்வளவு நேரம்க்கா இப்படியே உட்கார்ந்திருக்கணும்?"

"பேசாதடி. பேசினா அதுவே ஏத்திக் காட்டும்."

அது உண்மையும்கூட. அளக்கும்போது பேசினால் எண் கூடும். மெஷின் உர்ரென்று காற்றை ஏற்றி, பட்டை கையை இறுக்கி, பிறகு விட்டு விட்டுத் தளர்ந்தது. அவளுக்கு 106/68. எனக்கு 118/76. இருவரும் ஒரே பாத்திரத்தில் போட்ட காபியை ஒரே அளவில் குடித்தோம். அரை மணி நேரத்தில் அவளுக்கு 113, ஒரு மணி நேரத்தில் 117/75. எனக்கு 120/77 வரைதான் போனது, அதுவும் சாதாரணமாகவே வரும் ஏற்ற இறக்கம்தான். அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "எனக்கு ஒண்ணுமே தெரியலையே" என்றாள். இரண்டு பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் படித்த எண்கள் கண்ணெதிரே ஒரு கையில் ஏறுவதைப் பார்ப்பது வேறு அனுபவம்.

இதுவரை கஃபீனும் காபியும் ஒன்றே என்பதுபோலப் பேசிவிட்டேன். ஒன்றல்ல. 2005-இல் நோர்ட்ஸெய் என்பவரும் சக ஆராய்ச்சியாளர்களும் 16 ஆய்வுகளை, மொத்தம் 1,010 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். கஃபீனை மாத்திரையாக எடுத்தவர்களுக்கு அழுத்தம் சராசரியாக 4.16/2.41 கூடியிருந்தது. காபியாகக் குடித்தவர்களுக்கு 1.22/0.49 மட்டுமே. காபியில் கஃபீனைத் தவிர நூற்றுக்கணக்கான பொருட்கள் இருக்கின்றன. குளோரோஜெனிக் அமிலம் போன்ற சில, குழாய்களைத் தளர்த்தும் பக்கம் இழுக்கின்றன என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

இதே கதைக்கு எதிர்ப்பக்கமும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அது. 2002-இல் ஜூரிக்கில் கோர்த்தி என்பவரும் சக ஆராய்ச்சியாளர்களும் ஆரோக்கியமான 15 பேருக்கு மும்மடங்கு எஸ்பிரெஸோ கொடுத்து, தசைக்குப் போகும் நரம்பில் ஊசி செருகி, பரபரப்பில் உடம்பை முடுக்கிவிடும் பரிவு நரம்புகள் எவ்வளவு துடிக்கின்றன என்று நேரடியாகவே பதிவு செய்தார்கள். காபிப் பழக்கம் இல்லாதவர்களுக்கு அழுத்தம் ஏறியது, எதிர்பார்த்ததுதான். பிறகு கஃபீன் நீக்கிய எஸ்பிரெஸோவைக் கொடுத்தார்கள். அப்போதும் அவர்களுக்கு அழுத்தம் ஏறியது! பழக்கம் இருந்தவர்களுக்கோ, நரம்பின் துடிப்பு கூடியும் அழுத்தம் ஏறவில்லை. கஃபீன் மட்டும்தான் குற்றவாளி என்றால் இப்படி நடந்திருக்கக் கூடாது. காபியில் வேறு ஏதோவும் வேலை செய்கிறது. பழகிய உடம்பு அதையும் சமாளிக்கக் கற்றுக்கொள்கிறது.

நாளாக ஆக என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்த ஆயிரத்துச் சொச்சம் ஆண் மருத்துவ மாணவர்களை 33 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு இருக்கிறது. 2002-இல் வெளியானது. தினமும் குடிக்கும் ஒவ்வொரு கப்புக்கும், பிரஷரின் மேல் எண்ணில் கூடியது 0.19 புள்ளி. வீட்டு மெஷினால் காட்டவே முடியாத அளவு அது. 2005-இல் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் செவிலியர்களின் தரவைப் பார்த்ததில், காபி குடிப்பதற்கும் பின்னாளில் ரத்தக்கொதிப்பு வருவதற்கும் தொடர்பு தெரியவில்லை. கோலா பானங்களுக்குத்தான் தெரிந்தது. சர்க்கரை சேர்த்ததற்கும் சரி, சேர்க்காததற்கும் சரி. ஒரு கோலா டின்னில் கஃபீன் 35 மில்லிகிராம் அளவுதான், காபியில் பாதிகூட இல்லை. ஆகவே அங்கே பழியைக் கஃபீன்மேல் போட முடியாது.

ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கலாம் என்பதற்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்னது: ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாள் முழுவதும் சேர்த்து 400 மில்லிகிராம், ஒரே நேரத்தில் 200. கர்ப்பிணிகளுக்கு நாளுக்கே 200. வடித்த காபி 240 மில்லியில் சுமார் 95, தேநீரில் அதில் பாதி. எனர்ஜி டிரிங்கின் சிறிய டின்னில் 80 என்று போட்டிருக்கும். பெரிய டின்னில் இரண்டு மூன்று மடங்கு இருக்கும். சூடான காபியை மெதுவாக உறிஞ்சித்தான் குடிக்க முடியும். இதையோ குளிரக் குளிர ஒரே மடக்கில் குடித்துவிடலாம். 2019-இல் வந்த ஒரு ஆய்வில் ஆரோக்கியமானவர்கள் ஏறக்குறைய ஒரு லிட்டர் எனர்ஜி டிரிங்கை ஒரு மணி நேரத்துக்குள் குடித்தார்கள். பிரஷர் ஏறியதோடு, இதயத்தின் மின்னோட்டத்திலும் மாற்றம் தெரிந்தது. பதின்வயதுப் பிள்ளைகள் இதைத் தண்ணீர்போலக் குடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது.

இனி, அளக்கும் முறை. பிரஷர் பார்ப்பதற்கு 30 நிமிடம் முன்பிருந்தே காபி, சிகரெட், உடற்பயிற்சி கூடாது என்று பெரும்பாலான வழிகாட்டுதல்களில் இருக்கிறது. கஃபீனைப் பொறுத்தவரை இந்த அரை மணி நேரம் போதாது என்பது என் கருத்து. குடித்த அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள்தான் அது உச்சத்துக்குப் போகிறது. விதியை அப்படியே பின்பற்றி, குடித்துவிட்டுச் சரியாக அரை மணி நேரம் கழித்துப் பட்டையைக் கட்டுகிறவர், ஏறும் வழியில் நடுவில் நின்று அளக்கிறார். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, முதல் கப்புக்கு முன்னால் அளப்பதே நல்லது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை.

உங்கள் உடம்பு கஃபீனுக்குப் பழகும் பாதியைச் சேர்ந்ததா, பழகாத பாதியைச் சேர்ந்ததா என்று தெரிய வேண்டுமானால், குடிக்கும் முன் ஒரு முறை, குடித்து அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் ஒவ்வொரு முறை அளந்து பாருங்கள். இன்னொரு நாள் காபிக்குப் பதிலாக வெந்நீர் குடித்துவிட்டு அதே நேரங்களில் அளந்து பாருங்கள். இந்த இரண்டாவது நாளைப் பலரும் விட்டுவிடுவார்கள். அது இல்லாமல் முதல் நாளின் எண்களுக்கு அர்த்தமே கிடையாது, ஏனென்றால் காலையில் அழுத்தம் தானாகவே ஏறும். ஒவ்வொரு முறையும் 10-க்கு மேல் ஏறி, இரண்டு மணி நேரத்திலும் இறங்காமல் இருந்தால், நீங்கள் எளிதில் பழகாத ரகம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அந்தத் தாளைக் கொண்டுபோங்கள்.

ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் கஃபீன் சராசரியாக 8.1/5.7 ஏற்றுகிறது, குறைந்தது மூன்று மணி நேரம் நிற்கிறது என்று 2011-இல் வந்த தொகுப்பாய்வு சொன்னது. ஜப்பானில் பெருந்திரளான மக்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றில், 160/100 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களில் நாளுக்கு இரண்டு கப்போ அதற்கு மேலோ காபி குடித்தவர்களிடையே இதயநோய், பக்கவாதச் சாவுகள் கூடுதலாக இருந்தன. தங்கள் அளவு அந்த இடத்தில் இருப்பவர்கள் என் கட்டுரையைப் படித்துவிட்டு எதையும் தீர்மானிக்க வேண்டாம், சிகிச்சை தரும் டாக்டரிடமே கேளுங்கள்.

பரிசோதனைக்கு நல்ல எண் வர வேண்டுமென்று முந்தின நாளே காபியை அடியோடு நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். நிறுத்திய 12 மணியிலிருந்து 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். அதுவரை சுருங்கியிருந்த மூளையின் ரத்தக் குழாய்கள் விரிவதால் வருவது அது. எரிச்சலும் சோர்வும் சேர்ந்துகொள்ளும், ஒரு வாரம்கூட நீடிக்கலாம். மண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அளந்த எண் அவருடைய சாதாரண நாளின் எண் ஆகாது. வழக்கம்போலவே இருங்கள், அன்று காலைக் கப்பை மட்டும் பட்டையைக் கழற்றிய பிறகு குடியுங்கள். தவிர்க்க முடியாமல் குடித்துவிட்டால், எத்தனை மணிக்குக் குடித்தீர்கள் என்பதை, அளப்பவர் கேட்காவிட்டாலும், எண்ணுக்குப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.